விறகுக் குவியல் மேல் கிடந்த போர்வை: வீட்டில் குயில்ட் தைப்பவர்கள் அதைப் படம் எடுத்து வைப்பது ஏன் அவசியம்?

1998-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வசித்த கலைப்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் ஒரு புகைப்படத்தைப் பார்க்கிறார். கறுப்பினப் பெண்களின் கைவேலைகளைத் தேடித்தேடிப் பதிவு செய்த ரோலண்ட் ஃப்ரீமன் எடுத்த படம் அது. அடுக்கி வைத்த விறகுக் குவியல் மேல், பட்டை பட்டையாகத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்று விரித்துப் போட்டிருக்கிறது. ஆர்னெட்டுக்கு அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் போர்வையை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

விசாரித்து விசாரித்து, மகனையும் கூட்டிக்கொண்டு அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றோரச் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். இருட்டிய பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆனி மே யங். போர்வையைத் தைத்தவர் அவர்தான். ஆனால் அது அப்போது வீட்டில் இருக்கிறதா என்று அவருக்கே நிச்சயமில்லை. முந்தைய வாரம்தான் பழைய போர்வைகள் சிலவற்றை எரித்திருந்தார். பருத்தித் துணி புகைந்தால் கொசு அண்டாது. நம் ஊரில் மூட்டம் போடுவார்களே, அதே கதைதான். அந்த மூட்டத்தோடு இதுவும் போய்விட்டது என்றே அவர் நினைத்தார்.

மறுநாள் அலமாரி, கட்டிலடி எல்லாம் துழாவியதில் போர்வை கிடைத்தது. காசு எதுவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் யங். ஆர்னெட் கேட்கவில்லை. அதற்கும் இன்னும் சில போர்வைகளுக்குமாகச் சேர்த்துச் சில ஆயிரம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். நான்கே ஆண்டுகளில் ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களின் சுவர்களில் தொங்கின.

கொசுவுக்கு மூட்டம் போடும் துணியாகப் போயிருக்க வேண்டியதை ஒரே ஒரு படம் காப்பாற்றியது. இன்று வீட்டில் குயில்ட் தைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கேமரா கையிலேயே இருக்கிறது. ஆனாலும் யார் தைத்தது, எப்போது தைத்தது என்று தெரியாமலேயே ஏராளமான போர்வைகள் நைந்து போகின்றன. குயில்ட் என்பது என்ன? வீட்டில் ஒன்று தைப்பது எப்படி? அதை எப்படிப் படம் எடுப்பது? படத்தோடு எதை எழுதி வைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

குயில்ட் என்றால் என்ன?

மூன்று அடுக்கு சேர்ந்ததுதான் குயில்ட். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது கம்பளி போன்ற ஏதாவது ஒரு நிரப்பு. இந்த மூன்றும் நகராமல் இருக்க, குறுக்கும் நெடுக்கும் ஊடுருவித் தையல் போடுவார்கள். இந்தத் தையல்தான் குயில்ட்டின் அடையாளம். மேல் துணி ஒரே துணியாகவும் இருக்கலாம், நூறு ஒட்டுத் துணிகளைச் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

பழைய துணியை அடுக்கித் தைப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி என்று ஊருக்கு ஒரு பெயர். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி மக்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதன் மூலைகளில் முக்கோணமாக மடித்த துணிப் பூக்களை வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி. 'கந்தை' என்று நாம் சொல்வதும் வங்காளத்தின் 'காந்தா'வும் ஒரே வேர்ச்சொல் வழி வந்தவை. தமிழ் வீடுகளிலும் கைக்குழந்தைக்கு விரிக்கப் பழைய நூல் சேலையை நாலாக மடித்துத் தைப்பது வழக்கம்தான்.

இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. விலை அதிகம் என்பதால் அவற்றில் ஒரு துண்டைக்கூட வீணாக்க மாட்டார்கள். பூவையும் பறவையையும் தனித்தனியாக வெட்டி எடுத்து, வெள்ளைத் துணி மேல் வைத்துத் தைத்துப் போர்வை செய்வார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய குயில்ட்டுகள் சிலவற்றில் இப்படி இந்தியத் துணிப் பூக்கள் இன்றும் இருக்கின்றன.

ஜீஸ் பெண்டில் மட்டும் அப்படி என்ன?

அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகும் நிலத்துண்டு அது. ஒரு காலத்தில் அங்கே பருத்திப் பண்ணை இருந்தது. 1845-இல் அதை வாங்கியவர் மார்க் பெட்வே. அங்கே அடிமைகளாக இருந்த மக்களுக்கும் அவர் குடும்பப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றும் ஊரில் பலருக்குப் பெயரின் பின்பாதி பெட்வேதான்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் குத்தகை விவசாயத்தில் கடன் விடவில்லை. 1932-இல் கடன் கொடுத்த வணிகர் இறந்துபோனதும், அவர் குடும்பத்தார் ஆட்களை அனுப்பி மாடு, கலப்பை, விதை என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊரே பட்டினி கிடந்தது. பலகை இடுக்கு வழியே காற்று வீசும் குடிசைகளில் குளிருக்குப் போர்வைதான் துணை. புதுத் துணி வாங்க வழியில்லை. உழைத்து முழங்கால் தேய்ந்த கால்சட்டை, சாயம் போன சட்டை, மாவு மூட்டைத் துணி, கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்தார்கள். அளவெடுத்து வெட்ட அங்கே துணி ஏது? இருக்கிற துண்டுக்கு ஏற்ற மாதிரி வடிவத்தை மாற்றினார்கள். அந்தப் போர்வைகளின் தனி அழகுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1937-இல் அரசுத் துறை ஒன்றின் சார்பில் ஆர்தர் ராத்ஸ்டைன் அங்கே போய்ப் படம் எடுத்தார். ஒரு படத்தில் இரண்டு சிறுமிகள் பக்கத்தில் இருக்க, ஒரு பெண் குயில்ட் தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஜோரீனா பெட்வே. இத்தனை ஆண்டு கழித்தும் அவர் யார் என்று தெரிகிறது.

துணி காயப்போட்ட கொடியிலிருந்து கடை வரை

1960-களில் இந்த ஊர் இன்னொரு சோதனையைச் சந்தித்தது. எதிர்க்கரையில் இருக்கும் கேம்டன்தான் வட்டாரத் தலைநகர். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அங்கேதான் போக வேண்டும். கறுப்பின மக்கள் பெயர் சேர்க்கக் கிளம்பிய அந்தச் சமயத்தில், 1962-இல், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆற்றைத் தாண்டினால் போய்விடக்கூடிய ஊருக்கு, தரைவழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போக வேண்டியதாயிற்று. படகு மறுபடி ஓடியது 2006-இல்தான்.

1965-இல் அந்தப் பக்கம் வந்த பாதிரியார் பிரான்சிஸ் வால்ட்டர், ஒரு வீட்டு வாசலில் கொடியில் தொங்கிய குயில்ட்டுகளைப் பார்த்தார். இவற்றை நியூயார்க்கில் விற்றால் என்ன என்ற எண்ணம் வந்தது. அடுத்த ஆண்டே 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு உருவானது. ஏலம் நடந்தது, பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. வெட்டிக் கழித்த கார்டுராய் துண்டுகள் பெண்களோடு வீட்டுக்குப் போயின. அந்தக் காலத்து ஜீஸ் பெண்ட் போர்வைகளில் கார்டுராய் நிறைய இருப்பது அதனால்தான்.

கடை ஆர்டரில் ஒரு சங்கடமும் இருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் மனசுபோல் தைத்தவர்களுக்கு அது வேறு மாதிரியான வேலை.

சுவரில் மாட்டியதும் என்ன மாறியது?

கட்டில் மேல் கிடந்தவரை குயில்ட் ஒரு வீட்டுச் சாமான். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் தாங்கள் சேகரித்த குயில்ட்டுகளை ஓவியங்கள் போலச் சுவரில் நிமிர்த்தி மாட்டினார்கள். தூரத்தில் நின்று முழுசாகப் பார்த்தபோதுதான் அதன் வடிவமைப்பு பலருக்கு உறைத்தது. குயில்ட்டைக் கலையாகப் பார்க்கும் பார்வை பரவியதில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அங்கே தொங்கிய போர்வைகளில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்று தெரியாது. வடிவத்தைப் பாராட்டினார்கள், தைத்த கையை மறந்தார்கள் என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது.

2002-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு அதே விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டபோது ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. ஆனி மே யங், லொரெட்டா பெட்வே, மேரி லீ பெண்டால்ஃப் என்று பத்திரிகைகள் அவர்கள் பெயரைச் சொல்லி எழுதின. 2006-இல் பத்து போர்வைகளின் படங்கள் அமெரிக்க அஞ்சல்தலைகளாக வெளிவந்தன.

படம் பரவியது, பணம் யாருக்கு?

புகழோடு தகராறும் வந்தது. புத்தகம், விரிப்பு, வீட்டு அலங்காரப் பொருள் என்று போர்வை வடிவங்கள் பல இடங்களில் பயன்பட்டன. போர்வை விற்ற வகையிலும் வடிவங்களைப் பயன்படுத்திய வகையிலும் தங்களுக்குச் சேர வேண்டியது சரியாக வரவில்லை என்று 2007-இல் ஆனி மே யங் உட்பட மூன்று பெண்கள் ஆர்னெட் குடும்பத்தார் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆர்னெட் தரப்பு அதை மறுத்தது. 2008-இல் வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன.

இந்த வழக்குகளைப் பார்த்தால் ஒன்று புரியும். போர்வை ஒரு பொருள். போர்வையின் வடிவமைப்பு இன்னொன்று. போர்வையை எடுத்த படம் மூன்றாவது. ஒன்றை விற்றால் மற்ற இரண்டும் சேர்ந்தே போய்விடாது. எதை யாருக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்று முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2021-இல் நிலைமை மாறத் தொடங்கியது. ஜீஸ் பெண்ட் பெண்கள் சிலர் எட்ஸி இணையச் சந்தையில் தங்கள் பெயரிலேயே கடை திறந்தார்கள். தாங்கள் தைத்ததைத் தாங்களே விலை சொல்லி விற்கலாம். அங்கே வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தையும் பக்கத்தில் எழுதியிருப்பதையும் நம்பித்தான் பணம் கட்டுகிறார். வீட்டிலிருந்து தைத்து விற்கும் யாருக்கும் இது பொருந்தும்.

வீட்டில் ஒன்று தைக்க என்ன தேவை?

முதல் முறை தைப்பவர்கள் பெரிய கட்டிலுக்கு ஆசைப்பட வேண்டாம். 36 அங்குல அகலம், 48 அங்குல நீளத்தில் ஒரு குழந்தைப் போர்வை போதும். எளிய வடிவம் 'ஒன்பது கட்டம்'.

• துணி: நெய்த பருத்தித் துணியே நல்லது. தையல்கடை வெட்டுத்துணி, பழைய சட்டை, நூல் சேலை எதுவும் சரி. பனியன் துணி இழுபடும், கோணும். பழகாத கைக்கு அது வேண்டாம்.

• சாயம்: வெட்டும் முன் எல்லாவற்றையும் அலசிக் காயப்போடுங்கள். சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

• வெட்டுவது: நாலரை அங்குலச் சதுரங்கள் 108. அடர்நிறம் ஐந்து, வெளிர்நிறம் நான்கு என்று ஒன்பது ஒன்பதாகச் சேர்த்தால் 12 அங்குலக் கட்டம் ஒன்று வரும். குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு, ஆக 12 கட்டங்கள்.

• தையல்: ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் விட்டுத் தைக்க வேண்டும். இதில் ஏமாந்தால் கணக்கு தப்பும். தையல் அரை நூல் உள்ளே தள்ளிப் போனால் ஒவ்வொரு சேர்ப்பிலும் இரண்டு பக்கமுமாக ஒரு நூல் குறையும். ஒரு வரிசையில் எட்டு சேர்ப்பு. போர்வை ஒரு அங்குலம் சுருங்கிவிடும்!

• அடுக்குவது: அடித்துணியை மேல்துணியைவிட நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விடுங்கள். தரையில் விரித்து, சுருக்கம் எடுத்து, மேலே பஞ்சு விரிப்பு, அதற்கு மேல் தைத்த துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு சாண் இடைவெளிக்குள் ஊக்கு குத்திக்கொண்டே வாருங்கள்.

• ஊடுதையல்: கையால் ஓட்டுத் தையல் போட்டாலும் சரி, மிஷினில் தைத்தாலும் சரி, நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து மடிப்பு விழும்.

• ஓரப்பட்டி: இரண்டரை அங்குல அகலப் பட்டையை இரண்டாக மடித்துச் சுற்றிலும் வைத்துத் தைப்பது. இந்த அளவுப் போர்வையின் சுற்றளவு 168 அங்குலம். இணைப்பு, மூலை மடிப்புக்கும் சேர்த்து 180 அங்குலம், அதாவது 15 அடிப் பட்டை தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கைத்தையலில் இது வாரக்கணக்கில் இழுக்கும். அவ்வளவு நேரம் செலவழித்த பொருளை, முடித்த சந்தோஷத்தில் சோபா மேல் போட்டு ஒரு கிளிக், அனுப்பிவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

படம் எப்படி எடுப்பது?

குயில்ட் படம் எடுப்பது ஆள் படம் எடுப்பது மாதிரி அல்ல. இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: முழு வடிவம், தையலின் மேடுபள்ளம். ஒரே படத்தில் இரண்டும் நன்றாக வருவது கஷ்டம். அதனால் தனித்தனியாக எடுப்பதே வழி.

முழு வடிவத்துக்கு, போர்வை நேராகத் தொங்க வேண்டும். கொடியில் கிளிப் போட்டால் கிளிப் இருக்கும் இடம் மேலேயும் நடுப்பகுதி கீழேயும் தொய்ந்து, மேல் ஓரம் அலை அலையாகத் தெரியும். பின்பக்கம் மேல் ஓரத்தில் நாலு அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாய் தைத்து, அதில் மூங்கில் கழியை நுழைத்துத் தொங்கவிட்டால் நேராக நிற்கும். கண்காட்சிகளிலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

வெளிச்சத்துக்கு மொட்டைமாடி உச்சிவெயில் ஆகாது. வெயிலில் வெளிர்நிறம் வெளுத்துப்போகும், அடர்நிறம் கறுப்பாகிவிடும். வெயில் நேரே விழாத வராந்தா, மேகமூட்டமான பகல், இவைதான் தோது. வீட்டுக்குள் எடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டையும் போடாதீர்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கேமரா போர்வையின் நடுப்பகுதி உயரத்தில், அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் சதுரப் போர்வை மேலே குறுகித் தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டு போனின் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் ஓரக் கோடுகள் வளையும். நாலு அடி பின்னால் போய் ஒரு மடங்கு, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். நாலு ஓரமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிட்டால் போர்வை எங்கே முடிகிறது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது.

தையலின் மேடுபள்ளம் தெரிய, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சாய்வாக வர வேண்டும். ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு மற்றதை மூடுங்கள். தையல் பள்ளத்தில் சின்ன நிழல் விழும். எதிரே இருந்து வெளிச்சம் அடித்தால் எத்தனை நாள் தைத்த தையலும் தட்டையாக, அச்சடித்த துணி மாதிரிதான் தெரியும்.

ஐந்து படம் இருந்தால் ஒரு போர்வையின் கதை முழுமையாகிவிடும்: முழு முன்பக்கம், முழுப் பின்பக்கம், தையல் தெரியும் நெருக்கம், ஒரு மூலை, பின்னால் தைத்த பெயர்த்துண்டு. நெருக்கமான படம் ஒன்றில் பக்கத்தில் அடிஸ்கேல் வையுங்கள். ஒரு படத்தில் வெள்ளைத் தாளையும் வைத்தால் பிற்பாடு நிறத்தைச் சரிசெய்ய உதவும்.

படத்தோடு என்ன எழுத வேண்டும்?

ஹேரியட் பவர்ஸ் என்ற பெண்ணின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் ஜார்ஜியாவில் நடந்த ஒரு பருத்திக் கண்காட்சியில், பைபிள் கதைகளைப் பதினோரு கட்டங்களில் சொல்லும் குயில்ட் ஒன்றை வைத்திருந்தார். ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தரவில்லை. சில ஆண்டுகளில் கஷ்டம் வந்தபோது அவரே பத்து டாலருக்குக் கொண்டுவந்தார். ஐந்து டாலர்தான் தர முடிந்தது. வேறு வழியின்றிக் கொடுத்தார். பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே பலமுறை ஸ்மித் வீட்டுக்கு வந்துபோனார்.

ஸ்மித் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று பவர்ஸ் சொன்னதை எழுதி வைத்தார். இன்று அந்தக் குயில்ட் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எந்தக் கட்டத்தில் எந்தக் கதை என்று இன்று வெறும் ஊகம்தான் மிஞ்சியிருக்கும்.

1981-இல் கென்டக்கி மாநிலத்தில் இதையே ஊர் கூடிச் செய்யத் தொடங்கினார்கள். வீட்டிலிருக்கும் பழைய குயில்ட்டை மக்கள் எடுத்து வர, அளந்து, படம் எடுத்து, விவரம் கேட்டுப் பதிவு செய்தார்கள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் தொடங்கின. இப்படிச் சேர்ந்த பல்லாயிரம் பதிவுகள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'குயில்ட் இண்டெக்ஸ்' இணையத் தொகுப்பில் இன்று யாரும் பார்க்கும்படி இருக்கின்றன.

அந்த அளவுக்கு வேண்டாம், வீட்டளவில் ஆறு விவரம் போதும்:

• தைத்தவர் முழுப் பெயர். பலர் சேர்ந்து தைத்தால் எல்லார் பெயரும்.
• ஊர், தொடங்கிய மாதம், முடித்த மாதம், ஆண்டு.
• நீள அகலம்.
• துணி எது, யாருடையது. "இது அப்பா சட்டை, இது பாட்டி சேலை" என்பது விற்பனைக்கு உதவாமல் போகலாம். வீட்டுக்கு அதுதான் பொக்கிஷம்.
• வடிவம் சொந்தமா, பழைய வடிவமா, வேறொருவரிடம் கற்றதா. கற்றது என்றால் அவர் பெயரும்.
• கைத்தையலா, மிஷினா. துவைப்பது எப்படி.

இதில் முதல் இரண்டையும் அழியாத மையில் ஒரு துணித்துண்டில் எழுதி, போர்வையின் பின்பக்கம் கீழ் மூலையில் தைத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் அது போர்வையோடு இருக்கும்.

பகிரும் முன் கவனிக்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, தையல் விவரம் மங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அசல் படத்தை வேறு இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள். வீட்டில் எடுத்த படத்தில் இருப்பிட விவரம் பதிந்திருக்கலாம். பொதுவில் போடும் முன் அதை நீக்கிவிடுங்கள். குழந்தை மேல் போர்த்தி எடுத்த படம் என்றால் முகம் தெரியத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

விற்பதற்குப் போடும் படத்தில் நிறத்தைத் தூக்கலாக்கும் ஃபில்டர்கள் வேண்டாம். பார்சல் பிரித்ததும் நிறம் வேறாக இருந்தால் பொருள் திரும்பி வரும், பெயரும் கெடும். சாயம் போன இடம், ஒட்டுப் போட்ட கிழிசல் இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ஒன்பது கட்டம் போன்ற பழைய வடிவங்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் இன்று வாழும் ஒருவர் சொந்தமாக யோசித்த வடிவத்தைப் பார்த்து அப்படியே தைத்து விற்பது வேறு விஷயம். கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை. உங்கள் வடிவத்தை மற்றவர் எடுத்தாலும், தேதியோடு நீங்கள் வைத்திருக்கும் அசல் படங்கள் கைகொடுக்கும்.

இன்னும் ஒன்று. புதிதாகத் தைப்பதற்கு முன், வீட்டுப் பெட்டியில், பரணில் பழைய தையல் விரிப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் வெளிச்சத்தில் விரித்து ஒரு படம் எடுத்து, "இது யாரு தைச்சது?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அன்றைக்கே எழுதி, படத்தோடு சேர்த்து வையுங்கள்.